தண்ணி பெயிண்ட் சிங்கப்பூர்க் காற்றில் காய ஏன் இத்தனை பாடு?

சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் காரைப் பட்டறையில் விட்டவர்கள் சிலர் இப்போது கொட்டேஷனில் 'வாட்டர்போர்ன்' என்ற சொல்லைப் பார்க்கிறார்கள். தண்ணீரில் கலந்த பெயிண்ட் என்று பொருள். பட்டறைப் பேச்சில் தண்ணி பெயிண்ட். உடனே கேள்விகள் எழுகின்றன. மழையில் கரைந்து போகாதா? வருடம் முழுக்க ஈரமாக இருக்கும் இந்த ஊரில் அது எப்படிக் காயும்? தண்ணீர்தானே, அடிப்பவருக்கு முகமூடி எதற்கு?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதில்தான் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது. மூன்றாவதற்குத் தப்பான பதிலை நம்பினால் ஒருவருடைய நுரையீரல் கெட்டுப்போகும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

கார் மேல் இருப்பது ஒரே பூச்சு கிடையாது. தகட்டின் மேல் ப்ரைமர், அதன்மேல் நிறத்தைத் தரும் பேஸ்கோட், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பையும் பாதுகாப்பையும் தரும் கிளியர். பழுதுபார்க்கும் பட்டறைகளில் தண்ணீருக்கு மாறியது பெரும்பாலும் நடுவில் உள்ள பேஸ்கோட் மட்டும்தான். கிளியர் இன்னமும் தின்னர் வகை, அதாவது கரைப்பானில் கலந்தது. அதுவும், பூச்சை இறுகவைக்கும் ஹார்டனரைச் சேர்த்து அடிக்கும் '2கே' (இரு பாகக் கலவை) வகை. பாதிக் குழப்பம் இந்த ஒரு விவரம் தெரியாததால் வருவது.

பழைய தின்னர் பேஸ்கோட்டில், ஸ்பிரே கன்னில் ஊற்றும் நிலையில், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கரைப்பான்தான். அடித்த சில நிமிடங்களில் அத்தனையும் ஆவியாகி வெளிக்காற்றுக்குப் போகும். அங்கே வெயிலில் வாகனப் புகையோடு வினைபுரிந்து, மூச்சுக்குக் கேடான தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்வழி, கார் பழுதுபார்ப்புக்கான மேற்பூச்சுகளில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் லிட்டருக்கு 420 கிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்து, அதை 2007 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவும் கனடாவும் அதே பாதையில் சென்றன. மெல்லிய, மினுமினுக்கும் பேஸ்கோட்டை அந்த வரம்புக்குள் அடக்கத் தண்ணீரை விட்டால் நல்ல வழி இல்லை. கிளாசுரிட் 90, என்வைரோபேஸ், ஆட்டோவேவ் போன்ற தண்ணி பெயிண்ட் வரிசைகள் உலகெங்கும் பரவிய கதை இதுதான்.

தண்ணி பெயிண்ட் முழுக்கத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அக்ரிலிக், பாலியூரித்தேன் பிசினின் நுண்துளிகள் பால்போலத் தண்ணீரில் மிதக்கின்றன. கூடவே நிறமி, அலுமினியத் துகள், முத்துப்பொடி. பத்து விழுக்காட்டை ஒட்டிக் கொஞ்சம் கரைப்பானும் உண்டு. அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால் ஒவ்வொரு துகளுக்கும் காப்புறை போட்டிருப்பார்கள். மெலிதாக்கச் சேர்க்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீர் கிடையாது, தாது நீக்கிய தண்ணீர். தகர டப்பாவில் துருப்பிடிக்கும் என்பதால் கலப்பது பிளாஸ்டிக் குவளையில். கன்னின் ஊசியும் உள்வழிகளும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்.

மழையில் கரையுமா?

கரையாது. ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் பால் தானாகக் காய்ந்து ஒட்டுப்பாலாக நிற்கும் அல்லவா? அதன்மேல் எத்தனை மழை பெய்தாலும் அது மறுபடி பாலாவதில்லை. இங்கே நடப்பதும் அதைப் போன்றதுதான். தண்ணீர் வெளியேறியதும் பிசின் துளிகள் ஒன்றையொன்று நெருங்கி, நசுங்கி, ஒரே படலமாக இணைந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் அந்தக் கொஞ்சம் கரைப்பான் இந்த இணைப்புக்குத் துணைநின்றுவிட்டுக் கடைசியில் வெளியேறுகிறது. அப்புறம் அதன்மேல் கிளியர் வந்து மூடிவிடுகிறது.

காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது

தின்னர் காய்வதற்கும் தண்ணீர் காய்வதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. பெயிண்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்துக்குள் வரும் காற்றில் தின்னர் ஆவி ஏற்கெனவே இருப்பதில்லை. எந்த நாளிலும், எந்த ஊரிலும், தின்னருக்குக் காற்றில் முழு இடமும் காலி. தண்ணீரின் நிலை வேறு. காற்றில் முன்பே நீராவி குடியிருக்கிறது. மீதமுள்ள இடத்தில்தான் பெயிண்டின் தண்ணீர் போய் உட்கார வேண்டும். டிசம்பர் மழையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மூங்கில் கம்புத் துணி நாள் முழுக்கத் தொங்கியும் ஈரமாகவே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விடியலுக்கு முன் 90ஐத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். விடாமல் பெய்யும் மழையில் 100ஐத் தொடும். இந்த விழுக்காட்டைக் கிராமாக மாற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

1. 28 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத் தாங்கும்.

2. ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் அதில் சுமார் 22 கிராம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. பெயிண்டுக்கு மிஞ்சும் இடம் 5 கிராம் சொச்சம்.

3. அதே காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் தாங்கும் அளவு கிட்டத்தட்ட 40 கிராமாக உயர்கிறது. உள்ளே இருக்கும் நீராவி கூடவில்லை. காற்று விரிவதால் கனமீட்டருக்கு 21 கிராமாகச் சற்றுக் குறையவே செய்கிறது. ஈரப்பதமானி இப்போது 54 விழுக்காட்டை ஒட்டிக் காட்டும். காலியிடம் 18 கிராம்.

4. ஆக ஏழு டிகிரி கூட்டியதில் காலியிடம் மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட நாம் காற்றிலிருந்து எடுக்கவில்லை.

5. மாறாக, அதே 28 டிகிரிக் காற்றை 25 டிகிரிக்குக் குளிர்வித்தால், தாங்கும் அளவு 23 கிராமாகச் சுருங்கி, ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தொடும். குளிர்ந்த காற்று உலர்ந்த காற்று என்ற எண்ணம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. ஏர்கான் அறை வறண்டிருப்பது, இயந்திரம் தண்ணீரைக் குழாய்வழி வெளியே கொட்டுவதால்தான்.

இன்னொரு தடையும் உண்டு. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. தின்னரில் உள்ள டொலுவீன் என்ற கரைப்பானில் ஒரு கிராமுக்கு 400 ஜூலை ஒட்டிய அளவே போதும். அந்த வெப்பம் தகட்டிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வர வேண்டும். ஆகவே காயக் காயத் தகடு குளிர்கிறது. குளிரக் குளிரக் காய்வது மெதுவாகிறது.

காலை எட்டு மணிக்கு முதல் வேலையாக வெள்ளி நிறக் காரை பூத்துக்குள் ஏற்றுவதைவிட, மணல்தாள் தேய்ப்பு, பட்டி, மாஸ்கிங் வேலைகளைக் காலையில் முடித்துக்கொண்டு பேஸ்கோட்டை மதியத்துக்குத் தள்ளுவது நல்லது. காசு செலவில்லாத மாற்றம் இது.

தண்ணீரோ ஒரு கோப்பைகூட இல்லை

ஒரு கதவுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பு. பேஸ்கோட் காய்ந்தபின் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். அதற்குள் இருந்து வெளியேற வேண்டிய தண்ணீர் சுமார் 50 கிராம். பூத்துக்குள் மணிக்கு ஆயிரக்கணக்கான கனமீட்டர் காற்று ஓடும்போது இந்த 50 கிராமுக்கு இடமில்லாமல் போகுமா?

பூத் முழுவதையும் கணக்கிட்டால் இடம் தாராளமாக இருக்கிறது. சிக்கல் தகட்டை ஒட்டிய சில மில்லிமீட்டரில்தான். ஈரமான பரப்பை ஒட்டி அசையாத மெல்லிய காற்றுப்போர்வை ஒன்று நிற்கும். முதலில் வெளியேறும் நீராவி அதை நிரப்பிவிடும். அந்தப் போர்வை விலகும்வரை அடுத்த நீராவிக்கு வழி இல்லை. துணி காயவைக்கும் கம்புக்கு எதிரே மின்விசிறி வைக்கிறோமே, அது இந்தப் போர்வையைக் கலைக்கத்தான்.

பட்டறையில் அந்த வேலையைச் செய்வது வென்ச்சுரி ப்ளோவர். கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால், சுற்றியுள்ள அறைக்காற்றைப் பல மடங்கு இழுத்துக்கொண்டு அகலமாக வீசும். அதைத் தகட்டுக்கு நேராகப் பிடிக்கக்கூடாது. சாய்வாக, பரப்பை வருடிக்கொண்டு போகிற மாதிரி வீச வேண்டும். நேராக வீசினால் ஈரமான படலம் அலையாகச் சுருங்கும், தூசும் வந்து ஒட்டும். கோட் முழுவதும் அடித்து முடிக்காமல் ப்ளோவரைத் திருப்புவதும் அதே தவறு. கையில் பிடித்து வீசுவதைவிட ஸ்டாண்டில் பொருத்தி ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினால் காற்று ஒரே சீராக இருக்கும்.

ஈரத்தை உறிஞ்சுவதா, சூடாக்குவதா?

ஈரம்தான் எதிரி என்றால் பூத்துக்கு ஓர் ஈரமுறிஞ்சி இயந்திரம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கணக்கு இடம் கொடுப்பதில்லை. 7 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள பூத்தில் மேலிருந்து கீழே நொடிக்குக் கால் மீட்டர் வேகத்தில் காற்று இறங்கினால், மணிக்கு 25,000 கனமீட்டர் ஆகிறது. கனமீட்டருக்கு வெறும் 5 கிராம் தண்ணீரை எடுப்பதென்றாலும் மணிக்கு 125 லிட்டர். அதற்கான குளிர்விப்பு இயந்திரத்தைப் பல மாடித் தொழிற்பேட்டையின் ஒரு யூனிட்டுக்குள் யார் வைப்பது? அதற்கு மின்கட்டணம் யார் கட்டுவது?

அதே காற்றை ஏழு டிகிரி சூடாக்க 55 கிலோவாட்டை ஒட்டிய வெப்பம் போதும். பூச்சைச் சூட்டில் இறுகவைக்க, அதாவது 'பேக்' செய்வதற்காக, பூத்தில் பர்னர் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அடிக்கும் நேரத்தில் அதை அணைத்தே வைத்திருக்கும் பழக்கம் தின்னர் காலத்திலிருந்து வருகிறது. ஏற்கெனவே வியர்க்கிறது, இன்னும் எதற்குச் சூடு என்பதுதான் காரணம். முழு உடை, கையுறை, முகக்கவசத்தோடு 35 டிகிரியில் நிற்பது உண்மையிலேயே கடினம்தான். அதனால் அடிக்கும்போது 28, 30 டிகிரியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் ஆள் வெளியே வந்ததும் சூட்டையும் காற்றோட்டத்தையும் ஏற்றுவது சரியான வழி.

குழாய்வழி வரும் தண்ணீர்

பூத்துக் காற்றைப் பார்த்தாயிற்று. கன்னுக்குள் வரும் காற்றில் இருக்கும் தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் கம்ப்ரசர் இழுக்கும் ஒவ்வொரு கனமீட்டரிலும் 24 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அழுத்தி, பழைய வெப்பநிலைக்கே ஆறவிட்டால், அந்தச் சின்ன இடத்தில் 4 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராகக் கொட்டும். நிமிடத்துக்கு 500 லிட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் மணிக்கு 600 கிராம். எட்டு மணி நேரத்தில் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

அழுத்திய காற்று சூடாக இருப்பதால் இந்தத் தண்ணீர் முழுவதும் டேங்கிலேயே இறங்கிவிடாது. ஆறிக்கொண்டே போகும் குழாயிலும் இறங்கும். கம்ப்ரசரின் எண்ணெய் ஆவியும் சேர்ந்து வரும். ஆகவே டேங்கைத் தினமும் வடிப்பதோடு குளிர்விப்பு உலர்த்தியும் எண்ணெயைப் பிடிக்கும் வடிகட்டியும் தேவை. ப்ளோவருக்கும் இதே காற்றுதான் போகிறது. ஈரக்காற்றை வீசி ஈரத்தைக் காயவைக்க முயல்வது வீண் உழைப்பு.

எண்ணெய் ஏன் இத்தனை கேடு? தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். தின்னரில் உள்ள பியூட்டைல் அசிடேட் என்ற கரைப்பானுக்கு 25. இழுவிசை அதிகமுள்ள திரவம் எண்ணெய்ப் பசையுள்ள இடத்தில் பரவாமல் உருண்டு விலகும், சேப்பங்கிழங்கு இலையில் மழைத்துளி உருள்வதைப்போல. நிறுவனங்கள் சேர்மங்கள் கலந்து இழுவிசையைக் குறைத்திருந்தாலும், தண்ணி பெயிண்ட் தகட்டின் அழுக்கைத் தின்னர் பெயிண்ட் அளவுக்குப் பொறுத்துக்கொள்வதில்லை. விளைவு 'ஃபிஷ் ஐ' எனப்படும் வட்டக் குழிகள். மெழுகும் சிலிக்கோனும் தின்னர் வகைத் துடைப்பானில் போகும். வியர்வையின் உப்பு அதில் போகாது, நீர்வகைத் துடைப்பானில்தான் போகும். நம் ஊர் வெக்கையில் வெறுங்கை பட்ட இடமெல்லாம் வியர்வை இருக்கும். ஆகவே இரண்டாலும் துடைத்தாக வேண்டும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்

வெள்ளி நிறக் கதவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் கோட் அடித்ததும் கதவு முழுக்க ஈரப் பளபளப்பு. ப்ளோவர் ஓடத் தொடங்கியதும், காற்று முதலில் படும் நடுப்பகுதி மங்கி, சாம்பல் பூசியதுபோல் ஆகிறது. மங்கல் வெளிப்பக்கமாகப் பரவுகிறது. கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழி, கண்ணாடி ரப்பரை ஒட்டிய கோடு, கதவின் கீழ்மடிப்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் நெடுநேரம் ஈரம் மினுங்கிக்கொண்டே இருக்கும். பெயிண்டர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து அங்கேதான் பார்க்க வேண்டும். நடுவைப் பார்த்து அடுத்த கோட்டுக்குப் போனால், பின்னால் கிளியர் குமிழ்ப்பது அந்த ஓரங்களில்தான்.

கண்ணைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. ஆவியாதல் தகட்டைக் குளிர்விக்கும் என்று பார்த்தோம். அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் ஈரமான இடம் பக்கத்துக் காய்ந்த தகட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டும். அந்த வேறுபாடு மறைந்து, எல்லா இடமும் ஒரே எண்ணுக்கு வந்தால், தண்ணீர் போய்விட்டது. அது விலை மலிந்த கருவி. சுவரில் ஓர் ஈரப்பதமானியும் கையில் இந்த வெப்பமானியும் இருந்தால், 'பத்து நிமிஷம் விடு' என்ற ஊகத்துக்கு வேலை இல்லை.

மெட்டாலிக்கில் காய்வதன் வேகம் நிறத்தையே மாற்றும். படலம் சுருங்கச் சுருங்க அலுமினியத் துகள்கள் படுக்கையாக அமர்கின்றன. ஈரமாக, தடித்து அடித்தால் அவை கண்டபடி புரண்டு நிற்கும். நிறம் இருளும், மேகம்போல் திட்டுத்திட்டாகத் தெரியும். உலர்வாக அடித்தால் வெளுக்கும். அதனால் கடைசியில் கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, பனி தூவுகிற மாதிரி ஒரு மெல்லிய கோட் கொடுக்கிறார்கள். நிறம் ஒப்பிடும் அட்டையையும் அதே பூத்தில், அதே சூட்டில் அடித்து, கிளியரும் போட்ட பிறகே காரோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கிளியரில் தண்ணீர் இல்லை, இருக்கவும் கூடாது

கிளியரில் ஒரு பிசின், அதோடு சேரும் ஹார்டனரில் ஐசோசயனேட். இரண்டும் வினைபுரிந்து கடினமான வலைப்பின்னலாக மாறுவதால்தான் பெட்ரோலும் பறவை எச்சமும் வெயிலும் தாங்குகிறது. ஐசோசயனேட்டுக்குத் தண்ணீரும் ஒரு தீனிதான். அது தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டையாக்சைடு வாயு பிறக்கும். பேஸ்கோட்டில் சிக்கிய தண்ணீர் இரண்டு விதத்தில் கெடுக்கிறது.

1. பேக் செய்யும்போது ஆவியாகி மேலே வரத் துடித்து, கிளியரைக் குமிழாக்கி ஊசித்துளைகளை விடுகிறது.

2. ஹார்டனரின் ஒரு பகுதியைத் தின்று வாயுவாக்குகிறது. கிளியரின் கடினத்துக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது.

சில நேரம் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் பளபளப்பு இறங்கி, அடியில் உள்ள மணல்தாள் கீறல் எழுந்து வரும். இன்னும் மோசமானால், பிறகொரு நாள் கிளியர் தோல் உரிவதுபோல் உரியும். வாகன உரிமைச் சான்றிதழுக்கு இவ்வளவு விலை கொடுத்துப் பத்து ஆண்டு ஓட்டும் ஊரில், நிலநடுக்கோட்டு வெயிலில் நிற்கும் காருக்கு இது சின்ன இழப்பு கிடையாது.

ஹார்டனர் டப்பாவின் மூடியைத் திறந்தபடி விடுவதும் இதே வினையைத் தொடங்கிவைக்கும். காற்றின் ஈரம் பட்டாலே போதும், கலங்கிக் கெட்டியாகும். பயன்படுத்தியதும் உடனே மூட வேண்டும்.

தின்னரும் ஹார்டனரும் வெப்ப ஊருக்கான மெதுவான வகையாக இருக்க வேண்டும். வேகமானவை மேற்பரப்பை மட்டும் சீக்கிரம் தோலாக்கி, உள்ளே கரைப்பானைச் சிறைவைக்கும். பரப்பைக் குளிர்விக்கவும் செய்யும். 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராக இறங்கத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. நான்கு டிகிரி குளிர்ந்தாலே ஈரக்கிளியரின் மேல் பனி இறங்கி வெண்மூட்டம் போடும்.

பேக் செய்வது வழக்கமாக 60 டிகிரியில் 30 நிமிடம். அந்த 60 தகட்டின் வெப்பம், பூத்துக் காற்றின் வெப்பம் அல்ல. காற்று 60ஐத் தொட்ட பிறகும் தகடு அங்கே வந்துசேரப் பல நிமிடம் பிடிக்கும். மின்வாகனத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மின்கலத்துக்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் வரை பாதுகாப்பு என்பதை அந்தந்த வாகனத்தின் கையேட்டில் பார்த்துவிட்டே பர்னரை ஏற்ற வேண்டும். தேவைப்பட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. பட்டறைக்குள் வரும் மின்வாகனம் கூடிக்கொண்டேதான் போகும்.

காரை விடுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அடைமழை நாளில் 'சாயந்திரமே வேண்டும்' என்று நெருக்கினால், பட்டறை வெட்டக்கூடிய நேரம் பேஸ்கோட் காயும் நேரம் ஒன்றுதான்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது

தண்ணி பெயிண்ட் கன்னைக் கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றலாம் என்று எண்ணுவது பெரிய தவறு. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி. வாசலில் ஓடும் மழைநீர்க் கால்வாயில் ஊற்றியது நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரலாம், அதாவது நம் வீட்டுக் குழாய்க்கு. கழுவுநீரில் ஒரு திரட்டுப்பொடியைக் கலந்தால் பிசினும் நிறமியும் தயிர்போல் திரண்டுவிடும். அதை வடித்து, உரிமம் பெற்ற நச்சுக்கழிவுச் சேகரிப்பாளரிடம் தர வேண்டும். வடிந்த நீரையும் பொதுப் பயனீட்டுக் கழக விதிகளுக்கு உட்பட்டே வெளியேற்றலாம். தின்னர்க் கழிவோடு இதைக் கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து களிம்பாகி, மறுசுழற்சிக்குப் போக வேண்டிய தின்னரும் கெடும்.

முகமூடி

தண்ணி பெயிண்டின் தூசிப்படலமும் நுரையீரலுக்கு ஆகாது. ஆனால் உண்மையான ஆபத்து கிளியரில் இருக்கும் ஐசோசயனேட். 'தண்ணி பெயிண்டுக்கு மாறிவிட்டோம்' என்று சொல்லும் பட்டறையிலும் கிளியர் அதே கிளியர்தான். பெயர் மாறியதும் தின்னர் வாடை குறைகிறது. வாடை குறைந்ததும் பயம் குறைகிறது. எனக்கு இந்த மாற்றத்தில் ஆகக் கவலை தருவது இதுதான்.

1. ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கும் வாடை கிடையாது. மூக்குக்குத் தெரியும் அளவு வரும்போது பாதுகாப்பான வரம்பை அது எப்போதோ தாண்டியிருக்கும். ஆகவே வாடை வந்தால் கரி வடிகட்டியை மாற்றுவோம் என்ற கணக்கு இங்கே செல்லாது. தனிக்குழாய் வழியாகச் சுத்தக் காற்றைத் தரும் முகக்கவசம்தான் வேண்டும். அந்தக் காற்றும் மூச்சுக்கென்று வடிகட்டிய காற்றாக இருக்க வேண்டும்.

2. உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் ஆஸ்துமாவைத் தூண்டும். அதன்பின் அந்தத் தொழிலில் தொடர்வது ஏறக்குறைய முடியாது. தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கி வந்து பெயிண்டராக வேலை பார்க்கும் ஒருவருக்கு அது வாழ்க்கையே முடங்குவதற்குச் சமம்.

3. இருமலும் நெஞ்சு இறுக்கமும் பல நேரம் வேலை முடிந்து, விடுதிக்குப் போன பிறகு இரவில் வரும். அதனால் பலர் வேலையோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. சனி, ஞாயிறு விடுப்பில் குறைந்து திங்கள் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். தொழில்சார் ஆஸ்துமா, மனிதவள அமைச்சிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. மருத்துவரிடம் போகும்போது 'ஹார்டனர் கலந்த கிளியர் அடிக்கிறேன்' என்று சொல்வது முக்கியம்.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு செயல் உண்டு. கடைசிக் கோட் முடிந்ததும், கிளியர் எங்காவது வழிந்திருக்கிறதா என்று பார்க்க முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு பெயிண்டர் குனிகிறார். கன் நின்றுவிட்டது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் இன்னும் சில நிமிடங்கள் அங்கே மிதந்துகொண்டிருக்கும். அந்த நிமிடங்கள் பூத்துக்குப் பூத் வேறுபடும், அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். காற்றோட்டத்தை ஓடவிட்டு, புகையால் பூத்தை நிரப்பி, புகை முழுவதும் மறைய எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பார்த்தால் போதும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதி, தமிழிலும் சீனத்திலும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும், பூத்துக் கதவின் உட்பக்கம் ஒட்ட வேண்டும்.